காமாலை: ஒரு சொல் பல நோய்களாகப் பிரிந்த வரலாறு

கண் மஞ்சளித்தால் காமாலை. வீட்டில் அதற்கு மறுபேச்சு இல்லை. மருத்துவமும் நெடுங்காலம் அதை ஒரே நோயாகத்தான் எண்ணிவந்தது. அந்த ஒன்று பலவாகப் பிரிய ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் ஆயின. பிரிவினை ஆய்வகத்தில் முடிந்துவிட்டது, ஆனால் நம் பேச்சில் இன்னும் முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடலில் நடப்பதை முதலில் பார்க்கலாம். சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி பிறக்கிறது. அது நீரில் கரையாது. கல்லீரல் அதைக் கரையும் வடிவுக்கு மாற்றிப் பித்தநீரில் சேர்க்கிறது; பித்தநாளம் வழியே குடலை அடையும் அந்த நிறமியிலிருந்தே மலத்துக்கு நிறம் வருகிறது. சிவப்பணுக்கள் அளவுமீறிச் சிதைந்தாலும், கல்லீரல் அழற்சியுற்றாலும், நாளம் அடைபட்டாலும் நிறமி இரத்தத்தில் தேங்கும். மூன்றிலும் கண் ஒரே மஞ்சள்தான். உள்ளே நடக்கும் கேடு வேறு வேறு. கல்லோ கட்டியோ நாளத்தை அடைத்தால் மலம் வெளுக்கும், சிறுநீர் கறுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். பித்தநீர் குடலுக்கு வராததால் வைட்டமின் கே சேராமல் இரத்தம் உறைவது தாமதமாகும். அழற்சி நாள்பட்டுக் கல்லீரல் இறுகிச் சுருங்கினால் வயிற்றில் நீர் கோத்து மகோதரமாகும், கழிவு மூளைக்கு ஏறி நினைவு தடுமாறும்.

1865-இல் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ, பித்தநாளத்தின் கீழ்முனையைச் சளி அடைப்பதால் காமாலை வருகிறது என்று விளக்கினார். நோய்க்கூற்றியலின் தந்தை சொன்னதாயிற்றே, அக்கருத்து பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஆனால் அதை அசைக்கும் சான்று விரைவிலேயே கிடைத்துவிட்டது. 1883-இல் பிரேமன் நகரக் கப்பல் கட்டுமானத் தொழிலாளர் 1,289 பேருக்கு மனித நிணநீரிலிருந்து எடுத்த அம்மைப்பால் குத்தப்பட்டது. சில மாதங்களில் அவர்களில் 191 பேருக்குக் காமாலை கண்டது. வேறு அம்மைப்பால் குத்திக்கொண்டவர்களுக்கு வரவில்லை. ஜெர்மானிய மருத்துவர் லூர்மன் 1885-இல் இதைப் பதிவுசெய்தார். சளி அடைப்பு ஊசி வழியே பரவுமா? அந்தக் கேள்வியை மருத்துவ உலகம் உரிய வேகத்தில் கேட்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கேட்க வைத்தது போர். 1942-இல் அமெரிக்கப் படைக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மனித இரத்தநீர் கலந்திருந்தது. ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1947-இல் பிரிட்டனின் மெக்காலம், உணவு வழியும் நீர் வழியும் பரவும் காமாலையை ஏ என்றும் இரத்தம் வழி பரவுவதை பி என்றும் பிரித்தார். அமெரிக்க ஆய்வாளர் பாரூக் பிளம்பர்க் இரத்தத்தில் கண்டு 1965-இல் வெளியிட்ட ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்னும் புரதம் பி வைரஸின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஏ வைரஸ் 1973-இல் கண்ணுக்குப் புலப்பட்டது. சி வைரஸ் 1989-இல் அடையாளம் காணப்பட்டது.

இந்த வரிசையில் இந்தியாவின் பங்கு துயரமானது. 1955-இல் தில்லியில் யமுனை ஒதுங்கி ஓட, நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை வசீராபாத் குடிநீர் நிலையத்தின் வாய்க்கு ஏறியது. பொறியாளர்கள் குளோரினைக் கூட்டினார்கள். அதனால் டைஃபாய்டு பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் தில்லியில் சுமார் 29,300 பேருக்குக் காமாலை கண்டது. கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் இறந்தார்கள். ஏ வைரஸ்தான் காரணம் என்றே கால் நூற்றாண்டு நம்பப்பட்டது. சேமித்து வைத்திருந்த இரத்தநீரை 1980-இல் மீண்டும் சோதித்தபோது அது ஏ இல்லை என்று தெரிந்தது. 1983-இல் சோவியத் ஆய்வாளர் பலயான் இத்தகைய காமாலை நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே குடித்து, நோயுற்று, தம் மலத்தில் அந்த வைரஸைக் கண்டார். அதுவே இன்றைய ஈ வைரஸ். கர்ப்பிணிகளின் சாவு 1956-லேயே தனி நோயொன்றைச் சுட்டி நின்றது என்றே நான் கருதுகிறேன்.

இனி கீழாநெல்லி. தமிழர் வீடுகளில் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கொடுப்பதும், எண்ணெய் தள்ளிப் பத்தியம் காப்பதும் வழக்கம். இதற்கு அறிவியல் சான்றாகப் பலரும் சுட்டுவது, சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பர்க்கோடு சேர்ந்து நடத்தி 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு. முப்பது நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து பி வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தில்லா மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1990-இல் தாய்லாந்தில் செய்த ஆய்வில் இப்பலன் கிடைக்கவில்லை. முடிவுகள் ஏன் மாறின என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சென்னை ஆய்வில் மருந்துண்டவர்கள் பி வைரஸை உடலில் சுமந்திருந்தவர்கள். கண் மஞ்சளித்து வருவோரில் அது குணம் தருமா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை.

ஏ, ஈ வைரஸ் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். அந்த வாரங்களில் குடித்த இலைக்குப் பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரை நம்பி, நாளத்தில் கல் அடைத்தவரும் அதே இலையை அரைக்கிறார். 1974 முதல் உள்நோக்கிக் குழாயை வாய்வழி செலுத்தி, நாளத்தின் வாயைக் கீறி, வயிற்றை அறுக்காமலே அக்கல்லை எடுக்க முடிகிறது. வெளுத்த மலமும் ஓயாத அரிப்புமாக அவர் பத்தியத்தின் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கையில், தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகி, குளிரும் காய்ச்சலும் தொடங்கிவிடுகின்றன.