டாக்டர் பட்டமும் ஒரு டைப்பிஸ்ட்டும்

வரலாற்றில் பிஎச்.டி. முடிச்ச புதுசுல எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "காலேஜ்ல போஸ்டிங் கிடைச்சிருச்சா?" கிடைக்கல. மத்தவங்களோட ஆய்வுக் கட்டுரைகளை எடிட் பண்ண ஆரம்பிச்சேன். அதை ஒரு தோல்வியாகத்தான் ரொம்ப நாள் நினைச்சேன். அந்த நினைப்பை மாத்தினவரைப் பத்திதான் இந்த எபிசோட்.

கேட் டுரேபியன். 1893-இல் சிகாகோவில் பிறந்தவர். உடல்நலம் கெட்டதால் கல்லூரிக்கே போக முடியவில்லை. ஒரு விளம்பர நிறுவனத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1930-இல் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலாளர் ஆனார். 1958 வரை, டாக்டர் பட்டத்துக்கு வந்த ஆய்வேடுகள் அவர் மேசையைத் தாண்டித்தான் போகணும். அடிக்குறிப்பு தப்பா இருந்தா திரும்பி வரும். பட்டமே வாங்காதவர், பட்டம் வாங்கப் போறவங்களைத் திருத்தினார்!

அந்தப் பல்கலைக்கழக அச்சகம் 1906-லேயே ஒரு நடைக் கையேடு வெளியிட்டிருந்தது. மாணவர்களுக்குத் தேவையான விதிகளை 1937-இல் டுரேபியன் ஒரு சின்னக் கையேடாகத் தொகுத்தார். 1955-இல் அச்சகம் அதைப் புத்தகமாகப் போட்டது. இன்னிக்கு அந்த மேற்கோள் முறைக்கே 'டுரேபியன்'னுதான் பேர்.

அப்போ நம்ம பிஎச்.டி. எதுக்கு? அதை எனக்குப் புரிய வச்சது நான் பண்ணின ஒரு தப்பு. ஒரு பேராசிரியரோட கட்டுரையில வாக்கியம் நச்சுனு இருக்கட்டும்னு 'பெர்ஹாப்ஸ்' என்ற சொல்லை வெட்டிட்டேன். அவர் போன் பண்ணினார். "தம்பி, மூணு வருஷம் ஆவணக் காப்பகத்துல உட்கார்ந்து சம்பாதிச்சது அந்த ஒரு வார்த்தையைத்தான்."

வெட்கமாப் போச்சு. ஆதாரம் எவ்வளவு தூரம் பேசும், எங்கே நிக்கும்னு அஞ்சாறு வருஷம் கத்துக்கிட்டவன் நான். அதையே மறந்திருந்தேன். இலக்கணம் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. 'மூணாவது அத்தியாயத்துல சொன்னதை அஞ்சாவது அத்தியாயம் மறுக்குதே'ன்னு கண்டுபிடிக்கத்தான் ஆய்வுப் பயிற்சி வேணும்.

அதுக்கப்புறம் பொருள் மாறும் இடத்தில் நானாக எதையும் திருத்துவதில்லை. ஓரத்தில் கேள்வியாக எழுதுகிறேன். டுரேபியன் மாதிரியே, எடுத்த முடிவுகளை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டைல் ஷீட்ல குறிச்சு வைக்கிறேன். நாலு பக்கம் மாதிரிக்குத் திருத்திக் காட்டிவிட்டு, வார்த்தைக் கணக்கில் கட்டணம் பேசுகிறேன். "அந்த அத்தியாயத்தை நீங்களே எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்று கேட்டால், எவ்வளவு பணம் என்றாலும் முடியாது என்றுவிடுவேன். அது எடிட்டிங் இல்லை.

மாச வருமானம் இன்னும் சீரா இல்லை. ஆனா கல்யாண வீட்டுல யாராவது கேட்டா இப்போ மழுப்பறதில்ல. "எடிட்டரா இருக்கேன்"னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிடுவேன். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.