ஒட்டுக்குக் கீழே: மாரிகுப்பத்து முற்றமும் ஒரு ரோஜாவின் வரலாறும்

மாரிகுப்பம் என்றதும் ஆய்வுலகினருக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒன்று, தங்கச் சுரங்கம். மற்றொன்று, அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் சுரங்கத் தொழிலாளரிடையே ஊன்றிய கிளை. வீட்டு முற்றத்து ரோஜாச் செடியை அவ்வரலாற்றில் யாரும் தேடுவதில்லை. ஆயினும் கொத்துக் கொத்தாகப் பூத்து, மணமும் தந்து, அதிகப் பராமரிப்பும் வேண்டாத ஒரு ரோஜா அங்கே வளர வேண்டுமானால் நிலம், நீர், மண், நேரம் ஆகிய நான்கும் தேவை. தங்கவயலில் இந்நான்கையும் தீர்மானித்தது இயற்கை மட்டுமன்று.

முதலில் நிலம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே கால்பதித்த பின், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலுள்ள இம்மேட்டுநிலத்தில் இருவகை வாழிடங்கள் உருவாயின. ஐரோப்பிய அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளருக்கு மூங்கில் தட்டி வீடுகளும் பின்னர் வரிசை வீடுகளும். 'குட்டி இங்கிலாந்து' என்று இவ்வூர் பெயர் பெற்றது முதல்வகை வாழிடத்தால். இரண்டாம் வகையில் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். ரோஜா ஓராண்டுப் பயிரன்று. நன்கு வேரூன்றிய செடி பத்தாண்டுக்கு மேலும் பூக்கும். நாளை இவ்வீட்டில் இருப்போம் என்ற உறுதி இல்லாதவர் அத்தகைய செடியை நடுவது எளிதன்று. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அவ்வீடுகளின் உரிமை நெடுங்காலக் கோரிக்கையாகவே நீடித்தது.

அடுத்தது நீர். கோலார் வற்றாத ஆறு இல்லாத மாவட்டம். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தங்கவயலுக்குக் குழாய்வழி நீர் கொண்டுவரப்பட்டதும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டதும் சுரங்கத்தின் தேவையை ஒட்டியே. ஒரு தோட்டத்துக்கு எவ்வளவு நீர் எஞ்சும் என்பது அது எந்த வீட்டின் தோட்டம் என்பதைப் பொறுத்திருந்தது.

மண்ணின் கதை வேறு. பாறையை அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு 3 கோடி டன்னுக்கும் மேலாகக் குவிந்து நிற்கிறது. மக்கள் 'சயனைடு மேடு' என்றழைக்கும் இக்குன்றுகளிலிருந்து காற்றுக்காலத்தில் எழும் நுண்தூள் கூரையிலும் இலையிலும் படிகிறது. ஆகவே இவ்வூரில் செடி நடுவோர், குழியைத் தோண்டிய மண்ணாலேயே நிரப்பாமல், வெளியிலிருந்து நல்ல செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் கொண்டுவருவதே தக்கது.

நான்காவது நேரம். 1894இல் சுரங்கத்துக்காக பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, இருப்புப்பாதை போடப்பட்டது. அதன் கடைசி நிலையம் மாரிகுப்பம். சுரங்கம் மூடிய பின் அதே பாதை ஆட்களை வெளியே கொண்டுசெல்லும் பாதையாயிற்று. விடியலில் ரயிலேறி பெங்களூருவில் உழைத்து இரவில் திரும்புவோரின் ஊர் இது. 'பராமரிப்புக் குறைந்த செடி' என்பது வேறிடத்தில் வசதிக்கான தேர்வாக இருக்கலாம். இங்கே அதுவே நிபந்தனை.

இந்நிபந்தனைக்குப் பொருந்தும் ரோஜாவாக இன்று பரிந்துரைக்கப்படுவது ஃபுளோரிபண்டா. லத்தீனில் 'மிகுதியாகப் பூப்பது' என்பது இதன் பொருள். குறுஞ்செடியாய்க் கொத்தாகப் பூக்கும் பாலியாந்தா ரோஜாவையும், நீண்ட காம்பில் பெரிய மலர் தரும் கலப்பினத் தேயிலை ரோஜாவையும் இணைத்து, டென்மார்க்கின் பௌல்சன் குடும்பத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகையை வளர்த்தெடுத்தனர். அவர்களின் 'எல்சே பௌல்சன்' 1924இல் வெளிவந்தது. 1958இல் ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் தந்த 'ஐஸ்பர்க்' உலகெங்கும் பரவியது. இந்தியாவில் வேளாண் அறிஞர் பி. பி. பால், கோதுமை ஆய்வோடு ரோஜா வளர்ப்பையும் மேற்கொண்டு, 'டெல்லி பிரின்சஸ்', பழுப்பு நிற 'மோகினி' போன்ற ஃபுளோரிபண்டாக்களை உருவாக்கினார்.

பூவின் மிகுதிக்கு ஒரு விலை இருந்தது. தொடக்ககால ஃபுளோரிபண்டாக்கள் பலவற்றில் மணம் குறைவு. நிறம், நோய் எதிர்ப்பு, பூக்கும் காலம் ஆகியவற்றை நோக்கித் தேர்ந்தெடுத்தபோது மணம் பின்தங்கியது. ரோஜாவின் மணப்பொருள்களுள் ஒன்றான ஜெரானியால் உருவாவதில் 'நட்எக்ஸ்1' என்ற நொதிக்கு முதன்மைப் பங்குண்டு என்பதை 2015இல் பிரான்சு ஆய்வாளர் நிறுவினர். மணமற்ற ரோஜாக்களில் அதன் செயற்பாடு மிகக் குறைவு. இழந்ததை மீட்கும் முயற்சியும் தொடர்ந்தது. 1977இல் வந்த 'மார்கரெட் மெரில்' வெள்ளை ஃபுளோரிபண்டா அதன் நறுமணத்துக்காகவே அறியப்படுகிறது.

ஆனால் தமிழர் வீடுகளுக்கு மணமுள்ள, எளிதில் வளரும் ரோஜா புதிய செய்தியன்று. பன்னீர் ரோஜா என்று வழங்கும் இளஞ்சிவப்பு மலர் மாலையிலும் பூசையிலும் நெடுநாளாக உண்டு. தோட்டக்கலை நூல்கள் இதை 'எட்வர்டு ரோஜா' என்று குறிக்கின்றன. அப்பெயரைக் கேட்போருக்கு ஆங்கிலேய அரசர் ஒருவர் நினைவுக்கு வரக்கூடும். உண்மையில் அது 'எதுவார்' என்ற பிரெஞ்சுப் பெயரின் ஆங்கில வடிவம். மூலம், அன்று போர்போன் தீவு எனப்பட்ட ரெயூனியன். அங்கே தோட்டங்களின் வேலியாக நடப்பட்ட டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த செடி 1817 அளவில் தாவரவியலாளர் பிரேயோனின் கண்ணில் பட்டது. அவர் அனுப்பிய விதைகள் பிரான்சில் போர்போன் ரோஜா வகையைத் தோற்றுவித்தன. அத்தீவு அப்போது அடிமை உழைப்பில் இயங்கிய தீவு. பின்னர் அதே தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் சென்றனர்.

போர்போன் வகையிலிருந்து ஐரோப்பாவின் பிற கலப்பினங்கள் வந்தன, அவற்றிலிருந்து கலப்பினத் தேயிலை ரோஜா, அதிலிருந்து ஃபுளோரிபண்டா. முற்றத்துப் பன்னீர் ரோஜா, நாற்றுப்பண்ணையில் விலைபோகும் புதுரக ஃபுளோரிபண்டாவின் முன்னோர் வரிசையைச் சேர்ந்தது. உறவு அதோடு முடியவில்லை. புதுரக ரோஜாக்கள் பெரும்பாலும் தம் சொந்த வேரில் விற்கப்படுவதில்லை. வலிய அடிச்செடியில் மொட்டு ஒட்டிக் கட்டப்படுகின்றன. இந்திய நாற்றுப்பண்ணைகள் அடிச்செடியாகப் பரவலாகப் பயன்படுத்தியவற்றுள் எட்வர்டும் ஒன்று. பெயரும் விலையும் மேலே பூப்பதற்கு. வறட்சியைத் தாங்குவது கீழே இருப்பது.

இவ்வரலாற்றை அறிந்து நடுவோருக்கு முறை எளிது. நாள்தோறும் ஆறு மணிநேரம் வெயில்படும் இடத்தில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 சென்டிமீட்டர் உள்ள குழி போதும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தூள் படியும் ஊராதலால் காலையில் இலைகளைக் கழுவிவிடலாம். மாலையில் இலை நனைந்தால் கரும்புள்ளி நோய் வரும். மற்ற வேளைகளில் நீரை அடியில் மட்டுமே விடவேண்டும். காய்ந்த இலைச்சருகை மூடாக்காக இட்டால் நீர்ச்செலவு குறையும். வாடிய கொத்தை அவ்வப்போது நறுக்கி, மழை ஓய்ந்தபின் ஆண்டுக்கொருமுறை மிதமாகக் கவாத்து செய்தால் போதும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிரை உடனே நீக்கிவிட வேண்டும்.

நீக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதும் பலர் கண்டதே. வறட்சியிலோ கவனக்குறைவிலோ மேலே இருந்த புதுரகம் பட்டுப்போகும். சில மாதங்களில் அதே இடத்தில் வேறொரு ரோஜா பூக்கும். செடி நிறம் மாறிவிட்டது என்பார்கள். மாறியது செடியன்று, அதுவரை கண்ணில் படாதிருந்த அடிச்செடி தன் பூவைப் பூத்திருக்கிறது. அடிச்செடி எட்வர்டாயின் பூப்பது பன்னீர் ரோஜா. ஃபுளோரிபண்டாவை விரும்பி நட்டவருக்கு அது இழப்பு. மணமுள்ள, தானாக வளரும் ரோஜாவைத் தேடியவருக்கோ, தேடியது முதலிலிருந்தே மண்ணுக்குள் இருந்திருக்கிறது.