பிறர் கண்ணில் இலங்கை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கோயிலுக்கு மேனாட்டுத் தம்பதியர் இருவர் வந்திருந்தனர். பூசை முடிந்து வெளிவீதிக்கு வந்த குருக்களைப் படம் பிடிக்க அனுமதி கேட்டனர். குருக்களும் இசைந்து நின்றார். அம்மையார் படக்கருவியை உயர்த்தினார். பின் தாழ்த்திக்கொண்டு, மணிக்கட்டிலுள்ள கடிகாரத்தைக் கழற்றிவிடலாமா என்று மிகப் பணிவாக வினவினார். குருக்கள் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி மடியிற் செருகிக்கொண்டார். படம் எடுத்தாயிற்று. சாயரட்சைக்கு நேரந் தவறாமல் மணி பார்க்கவேண்டியவர் அவர் என்பதை அந்த அம்மையார் எங்ஙனம் அறிவார்?

கடிகாரமில்லாத குருக்களைத் தேடும் இந்தக் கண் இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் தீவைப் பற்றிப் பிறநாட்டார் எழுதிவைத்தவற்றைப் புரட்டினால் அது வெகு காலமாகவே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது புலனாகும்.

கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் றோமானியர் தமது இயற்கை வரலாற்றில் ஒரு கதை கூறுகிறார். செங்கடல் வரி வசூலிப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவரின் ஆள், அரேபியாவைச் சுற்றி வருகையிற் காற்றில் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேன் எனப்பட்ட நம் தீவின் துறையொன்றில் வந்து சேர்ந்தானாம். அரசன் அவனை ஆறு திங்கள் உபசரித்தான். அவன் கொண்டுவந்த வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு மன்னர் தலைகள் பொறித்திருந்தும் நிறை மட்டும் ஒன்றாயிருந்தது கண்டு, றோமரின் நேர்மையை வியந்தான். பின்னர் நான்கு தூதரைக் குளோதியஸ் பேரரசனிடம் அனுப்பினான். தூதருக்குத் தலைவன் பெயர் இராகியாஸ் என்கிறார் பிளினி. அப்பெயரைப் பற்றி அறிஞர் பலவாறு வாதிடுவர். அது நமக்கு இப்போது வேண்டியதில்லை.

தூதர் சொன்னதாகப் பிளினி எழுதுவதே கவனிக்கத்தக்கது. இத்தீவில் அடிமைகள் இல்லையாம். வழக்கு மன்றங்கள் இல்லையாம். அரசனை மக்களே தெரிந்தெடுப்பராம். நூறு வயது வரை வாழ்தல் இங்கே சாதாரணமாம். இவற்றை அக்கால இலங்கையின் உண்மை வரலாறென்று கொண்டால் நாம் ஏமாந்தவராவோம். அடிமைகளும் வழக்குகளும் மலிந்து, பேரரசர் குடும்பத்தின் சூழ்ச்சிகளால் அல்லலுற்ற றோமாபுரியில் இல்லாதவற்றையெல்லாம் பிளினி கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தீவில் இருத்தி வைத்தார் என்பதே பொருந்தும். இன்னொரு செய்தியையும் கேளுங்கள். சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகை மீன்களையும் நம் தூதர் றோமாபுரியிலேயே புதுமையாகக் கண்டு வியந்தனராம்! கார்த்திகை இத்தீவின் வானில் நன்றாகத் தெரியும் மீன்கூட்டம். நாம் அதன் பெயரால் ஆண்டுதோறும் விளக்கீடு செய்கிறோம். தூதர் அறியாதிருந்தார் என்பதை நம்மூர்ச் சிறுவனும் நம்பமாட்டான்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனத் துறவி பாகியன் இரண்டாண்டுகள் இங்கே தங்கினார். முன்னாளில் இத்தீவில் மனிதர் இல்லையென்றும், நாகரும் பூதங்களுமே வாழ்ந்தனரென்றும், வணிகர் வந்தபோது அவர்கள் தம் உருவைக் காட்டாது பண்டங்களின்மேல் விலையைக் குறித்து வைத்தனரென்றும் அவர் கேள்விப்பட்டதை எழுதியுள்ளார். ஆனால் அவர் நூலில் என் மனத்தை உருக்கும் இடம் வேறு. அநுராதபுரத்துப் பச்சைக்கல் புத்தர் படிமத்தின் முன் வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கை வைப்பதைக் கண்டாராம், கண்ணீர் வடித்தாராம். அநுராதபுரத்தார் கண்ணுக்கு அவ்விசிறி அரிய பிறநாட்டுப் பொருள். பாகியனுக்கோ அது பல்லாண்டுகளாகக் காணாத தாய்நாடு.

1344ஆம் ஆண்டில் வந்த இப்னு பதூதா நமக்கு இன்னும் நெருங்கியவர். மாலைதீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளம் பக்கமாகக் கரையிறங்கிய அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி. அம்மன்னன் பாரசீக மொழி அறிந்தவன் என்றும், தனக்கு முத்துக்களைக் காட்டினான் என்றும் அவர் எழுதுகிறார். சிவனொளிபாதம் காணவேண்டுமென்று அவர் கேட்டதும் பல்லக்கும், துணைக்கு நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினான். இத்தனை துல்லியமாக ஆட்களை எண்ணிச் சொல்லும் அதே மனிதர், மலைக்காட்டிலே குரங்குகளுக்கு ஓர் அரசன் உண்டென்றும், அவன் இலைகளாலான தலைப்பாகை கட்டிக் கொலுவிருப்பான் என்றும் சேர்த்தெழுதுகிறார். பாரசீகம் பேசும் தமிழ் மன்னனையும் தலைப்பாகை கட்டிய குரங்கையும் ஒரே மூச்சிற் சொன்னாற்றான் ஊரிலிருப்போர் கதை கேட்பர் போலும்.

இவர்கள் எல்லாரிலும் வேறுபட்டவர் றொபேட் நொக்ஸ். 1660இற் கொட்டியாரக் குடாவிற் கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிற் காவலிலிருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பியவர். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தவருக்கு நாகரையும் பூதங்களையும் பற்றி விசாரிக்க அவகாசம் ஏது? ஆகவே 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் உழவும், உணவும், கடனும், அரசனுக்கு அஞ்சிய அச்சமுமே நிரம்பியுள்ளன. நெடுங்காலம் ஒரே ஊரிலிருந்து அயலாரோடு கடன் கொடுத்து வாங்கினால் எந்த ஊரும் அதிசயமாகத் தோன்றாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும் புகைப்படமும் வந்தபின் அதிசயம் ஒரு வியாபாரச் சரக்காகிவிட்டது. ஹம்பேர்க் நகரத்து மிருக வணிகர் கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கை யானைகளோடு இலங்கை மக்களையும் கப்பலேற்றி, ஐரோப்பிய நகரங்களிற் கட்டணத்துக்குக் காட்டினார். கொழும்புப் படப்பிடிப்பாளர்கள் தபாலட்டைகளை அச்சிட்டு விற்றனர். சாய்ந்த தென்னை, குளிக்கும் யானை, கண்டி நடனம், கொழுந்து பறிக்கும் பெண் என்று இலங்கை அவற்றிற் குறுகிப்போயிற்று. ஆறும் இல்லை, யானையும் இல்லை, சுண்ணாம்புக் கல்லைக் குடைந்த கிணறும் பனையுமே உண்டென்றிருக்கும் எங்கள் யாழ்ப்பாணம் அப்படங்களில் அதிகம் இடம் பெறவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

வருந்தவேண்டியது கொழுந்து பறிக்கும் அப்பெண்ணுக்காக. கோப்பிச் செடியை 1869 முதல் நோய் அழித்தபின் தேயிலை தழைத்தது. 1890இல் இங்கே தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டனும் அவர் போன்றோரும் செய்த விளம்பரங்களால் சேலையுடுத்திக் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் உலகெங்கும் பரவிற்று. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, கொள்ளைநோயில் வழியிலேயே விழுந்த அவள் முன்னோரை எந்த விளம்பரம் காட்டும்? நாடு சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர்களே அவ்விடயத்தில் இரண்டுபட்டனர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்படிக்கை செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்போடப்பட்டது. மீந்திருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இத்தனை காலமும் இலங்கையை உலகுக்கு அறிமுகஞ் செய்யும் படங்களில் அவள் சிரித்தபடியே இருந்தாள்.

மேனாட்டாரை மட்டும் குறைகூறி இதை முடிக்க என்னால் இயலவில்லை. என் சிறுபிராயத்தில் எங்கள் வீட்டில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பையன் ஒருவன் வேலைக்கு நின்றான். என் வயதுதான் அவனுக்கும். மாலையில் நான் படிக்கும்போது விளக்கு துடைத்துவிட்டுத் திண்ணையோரத்தில் உட்காருவான். புத்தகத்தை மூடிவிட்டு அவனைக் கேள்வி கேட்பது எனக்குப் பெரிய வேடிக்கை. உங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே மேகம் வருமா? அட்டை கடித்தால் எவ்வளவு இரத்தம் போகும்? சிறுத்தையைக் கண்டிருக்கிறாயா? எல்லாவற்றுக்கும் அவன் பொறுமையாக விடை சொல்வான். சில வேளை எனக்குப் பிடிக்குமென்று சிறுத்தையின் எண்ணிக்கையைக் கூட்டியும் சொல்லியிருப்பான். ஒரு தைப்பொங்கலுக்கு முன் அவன் தகப்பனார் வந்து கூட்டிக்கொண்டு போனார். அதன்பின் அவன் திரும்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து நுவரெலியாவுக்குப் போயிருந்தபோது அவனைத் தேடிப்பார்க்கலாமே என்று எண்ணினேன். எந்தத் தோட்டம் என்று நான் கேட்டதேயில்லை.