கல்லெழுத்தைக் காத்தவர்

மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை அவர்களை நம் காலனியில் அறியாதார் இலர். இந்நகரில் பேராசிரியராக விளங்கிய அப்பெரியார் கல்வெட்டுகளையும் தேடித் தொகுத்தார் என்பதைச் சிலரே அறிவர். 1897-இல் அவர் மறைந்தார். அத்தகைய பணியைப் பின்னர்த் தம் தொழிலாகவே மேற்கொண்டவர், திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறைக் கண்காணிப்பாளராகிய டி. ஏ. கோபிநாத ராவ் (1872–1919).

அத்தொழில் எளிதன்று. கல்லைத் துடைத்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்தின் குழியில் தாள் பதியத் தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றுதல் வேண்டும். தாள் கறுக்கும், எழுத்து வெளுத்து நிற்கும். இதுவே மைப்படி.

கோபிநாத ராவ் வெளியிட்டவற்றுள் ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடும் ஒன்று. 9-ஆம் நூற்றாண்டில் அம்மன்னன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றிப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் எடுத்து, காந்தளூர்ச் சாலையை ஒட்டி 95 மாணவர்க்கு ஒரு சாலையும் நிறுவிய செய்தியைத் தமிழில் அது கூறுகிறது. அக்காந்தளூர்ச் சாலை நம் வலியசாலையே என்பாரும் உளர்.

இரயில்வே எழுத்தராகிய யாம், படியில்லாத ஓலை தொலைந்தால் வரும் இடரை நன்கு அறிவோம். சென்ற ஆண்டு ஒரு கோயிலில் கல்லெழுத்தின்மேல் சுண்ணாம்பு பூசியிருக்கக் கண்டு வருந்தினோம். அதற்குப் படி உண்டோ, யாரறிவார்?

அன்பர்களே! கோயில் செல்லுங்கால் சுவரையும் நோக்குங்கள். எழுத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். திருப்பணிக் குழுவில் அமர்வோர் சுண்ணாம்பு மட்டையை ஒரு கணம் நிறுத்துங்கள். அதுவே அப்பெரியார்க்கு நாம் செய்யும் கைம்மாறு.