உயரக் கோலுக்குக் கீழே: வேலூர் ஆய்வும் அரக்கோணம் வட்டார இளைஞர் உடல்தகுதியும்

எடை குறைந்து பிறந்த நாட்டுப்புற ஆண்கள் இளமையில் நலமாகவே இருக்கிறார்கள், கேடெல்லாம் பின்னாளில் தொப்பையோடுதான் வருகிறது, ஆகவே இடுப்புச் சுற்றளவைக் காத்தால் போதும் என்றொரு கருத்து நம் துறையில் வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சான்றாக எடுத்தாளப்படுவது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் டென்மார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு. அந்த ஆய்வு இதைச் சொல்லவில்லை என்பதே என் வாதம்.

அதில் சோதிக்கப்பட்டவர்கள் வேலூர்ச் சிற்றூர்களைச் சேர்ந்த, 18 முதல் 22 வயதுக்குட்பட்ட ஆண்கள். இன்சுலினையும் குளுக்கோஸையும் நரம்புவழிச் செலுத்தி, உடல் இன்சுலினுக்கு எப்படி இசைகிறது என்பதை அளக்கும் கிளாம்ப் சோதனையில், எடை குறைந்து பிறந்தவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்து காணப்படவில்லை. வயிற்றுப் பருமனும் இல்லை. மேற்கோள் காட்டுவோர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதே முடிவுரை, அவர்கள் உயரம் குறைந்தவர்கள், கொழுப்பற்ற உடல் நிறை குறைந்தவர்கள், டையஸ்டாலிக் ரத்த அழுத்தம் கூடியவர்கள் என்றும் பதிவு செய்கிறது. துணைச் செய்தியாகக் கடந்துபோகும் இந்தப் பகுதியைத்தான் நான் தலைமைக் கண்டுபிடிப்பாக வாசிக்கிறேன். கிளாம்ப்பின்போது செலுத்தும் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது எலும்புத்தசை. உடல் வாங்கிக்கொண்ட குளுக்கோஸ் அளவை உடல் எடையாலோ கொழுப்பற்ற நிறையாலோ வகுத்துச் சொல்வது மரபு. வகுத்ததும், ஒவ்வொரு கிலோவும் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது தெரிகிறது. மொத்தம் எத்தனை கிலோ தசை இருக்கிறது என்பது மறைந்துவிடுகிறது. தட்டில் விழும் சோறு அப்படி வகுபட்டு விழுவதில்லை. அடுத்தது வயது. நாட்டுப்புறத்தில், நடையும் உடலுழைப்பும் குறையாத இருபது வயதில், இருக்கும் கொஞ்சத் தசையும் முழுத்திறனோடு இயங்கக்கூடும். எனவே சோதனையில் கிடைத்த இயல்பான விடை, குறைபாடு இல்லை என்பதைவிட, உழைப்பு அதை ஈடுசெய்துகொண்டிருந்தது என்பதையே காட்டுகிறது எனக் கருத இடமுண்டு.

2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த அரக்கோணத்தை இங்கே நினைக்க வேண்டும். கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி, மத்திய தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம், தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் பட்டாலியன் ஆகிய மூன்றும் சூழ்ந்த ஊர் இது. இத்தகைய ஊரில் உடல்தகுதி என்றாலே ஆள்சேர்ப்புத் தேர்வுதான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு காவல்துறையின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அதற்கு முன் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்கள் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடி ஆண்கள் 167 செ.மீ. உயரம் காட்ட வேண்டும். எடை குறைந்து பிறந்ததால் வளர்ச்சி குன்றியவன் ஓடிக் காட்டுவதற்கு முன்பே இந்தக் கோலில் கழிக்கப்படுகிறான். தேர்வானவர்களின் உடலை வைத்து வட்டார இளைஞர்களின் நலத்தை மதிப்பிடுவது, கழிக்கப்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு. பயிற்சியும் கவாத்தும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும், அவை மிகவும் தேவைப்படுகிறவனுக்கே கிடைக்காமல் போகின்றன. அவன் சென்னைக்கு மின்சார ரயிலேறி, உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகிறான். ஈடுசெய்துகொண்டிருந்த உழைப்பு அங்கே நின்றுபோகிறது. எனக்கு இதில்தான் பெருங்கவலை.

இடுப்பளவே போதும் என்போர் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வைத் திரும்பப் படிக்கலாம். 2006இல் வெளியான அதில் பங்கேற்றவர்கள் 531 பேர். நடையும் உணவு மாற்றமும் நீரிழிவு வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன; உடல் எடை குறையவில்லை. அவர்கள் நடுவயதினர், இளைஞர்கள் அல்லர் என்பதை ஒப்புகிறேன். ஆனாலும் எடை அசையாமலே நோய் தள்ளிப்போனது என்றால், எடையும் சுற்றளவும் காட்டாத ஒன்று உடலில் மாறியிருக்கிறது. நீரிழிவுக்குக் குடும்ப வரலாறே காரணம் என்ற மறுப்பும் என் வாதத்தைத் தொடவில்லை. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் தசைக்குறைவு இன்னும் ஆபத்தாகுமே தவிர, ஆபத்து நீங்காது.

வேலூர் ஆய்வில் கலந்துகொண்ட இளைஞர்கள் இப்போது முப்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களை மீண்டும் அழைத்து அதே கிளாம்ப் சோதனையைச் செய்து, வகுத்த அளவோடு வகுக்காத மொத்த அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும். கைப்பிடி வலிமையையும், இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தார் என்பதையும் உடன் பதிய வேண்டும். உழைப்பை விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லையென்றால் என் வாசிப்பு தவறு.