பெரியம்மாவுக்குக் கல் இல்லை

மானாமதுரையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்டு நிறுத்திய இரண்டு கற்கள், அவற்றின்மேல் குறுக்கே படுக்கவைத்த ஒரு கல், தோளுயரம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் சுமையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இப்படிக் கல் வைப்பார்கள். இறக்காத சுமையோடு போனவளின் உயிர், வழிப்போக்கர்கள் சுமையை இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஆறும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊர்க் கல்லில் எழுத்து எதுவும் இல்லை. யார் அவள், எந்த ஆண்டு, எதனால் செத்தாள், யாருக்கும் தெரியாது.

என் பெரியம்மா தன் புல்லுக்கட்டை அந்தக் கல்லில்தான் இறக்கிவைப்பாள். அவளுக்கு வலது கை விளங்காது. வலது காலையும் சற்று இழுத்துத்தான் நடப்பாள். கட்டை இறக்கிவைத்துவிட்டு இடது கையால் கல்லைப் பிடித்தபடி நிற்பாள். பிள்ளை பெறும் முன்பே செத்தவளுக்கு வைத்த கல்லில், பிள்ளை பெற்றுப் பிழைத்தவள் சாய்ந்து நிற்பதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை.

1976இல் அவளுக்கு இருபத்தொரு வயது. தலைப்பிரசவம், தாய்வீட்டில், மருத்துவச்சி பார்த்தது. ஆண் குழந்தை. ஒன்பதாம் நாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, பனி இறங்கியிருக்கும் என்று தலையில் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். மறுநாள் வாந்தி. கண் மங்குகிறது என்றாள். பதினோராம் நாள் இரவு கையும் வாயும் வெட்டி இழுத்தன. விடிந்தபோது வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் இல்லை. ஜன்னி என்றார் ஒருவர். காத்து கருப்பு என்றார் இன்னொருவர். பூசாரி வந்தார், வேப்பிலை வந்தது. ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் மதுரை இருந்தது. யாரும் பஸ் ஏற்றவில்லை.

உயிர் தங்கியது. பேச்சில் நாலைந்து சொற்கள் மட்டும் திரும்பின. ஆனால் தாலாட்டை மட்டும் வரி தவறாமல் பாடுவாள். அதனால் அவளுக்குப் பேச வரும், வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாள் என்று புகுந்த வீட்டில் சொன்னார்கள். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் மிஞ்சும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அதற்குள் பெரியப்பா வேறு கல்யாணம் செய்து, அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

தமிழ் படித்தவள் என்பதால் எதையும் சொல்லிலிருந்து தொடங்குவது என் பழக்கம். ‘சன்னிபாதம்’ என்னும் வடசொல் குறுகிச் சன்னியாகி, பேச்சில் ஜன்னி ஆனது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்ட நிலை என்று மருத்துவ நூல்கள் அதற்குப் பொருள் சொல்லும். பிள்ளை பெற்றவளுக்கு வந்தால் அது சூதக சன்னி. சூதகம் என்றால் தீட்டு. ஆக, நோயின் பெயரிலேயே அவள் மீது ஒரு குற்றம் ஏறிவிட்டது. இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ நோய்களைப் போட்டு மூடியிருக்கிறோம். இரத்த அழுத்தம் ஏறி வரும் பேறுகால வலிப்பு அதில் இருந்தது. கருப்பையில் சீழ்பிடித்து வரும் காய்ச்சலும் பிதற்றலும் அதில் இருந்தன. என் பெரியம்மாவுக்கு வந்த பக்கவாதமும் அதில்தான் இருந்தது. பக்கவாதம் என்றாலே நரைத்த தலையும் கைத்தடியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இருபத்தொரு வயதுப் பெண்ணின் மார்பில் பால் கட்டியிருக்கும்போது வரும் பக்கவாதத்துக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை.

இந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்த வேலையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய எம்.கே. கிருஷ்ண மேனன், பேறுகால வலிப்புக்கான சிகிச்சை வளர்ந்த வரலாற்றை 1961இல் பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அதற்கு முன்பெல்லாம் வலிப்பு வந்தவளை இருட்டறையில், சத்தமில்லாமல் கிடத்திவைப்பதே பெரிய சிகிச்சை. மேனன் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். அந்த முறை அவர் பெயராலேயே பாடநூல்களில் ஏறியது. 1995இல் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் நடந்த ஆய்வு, வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் மற்ற மருந்துகளைவிட மெக்னீசியம் சல்பேட் மேலானது என்று காட்டியது. 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், அதே மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தது. மெக்னீசியம் சல்பேட் மலிவான, பழைய உப்பு. அதன் பயனை ஐயத்துக்கிடமில்லாமல் நிறுவ இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தேவைப்பட்டிருக்கிறது.

வலிப்பு ஒரு வாசல் என்றால் இரத்தக்கசிவு இன்னொன்று. 2005இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கர்ப்பகால இரத்த அழுத்தத்தோடு பக்கவாதம் கண்ட 28 பெண்களைப் பற்றியது. பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பக்கவாதத்துக்குச் சற்று முன்பு அழுத்தம் அளக்கப்பட்ட 24 பேரில் 23 பேருக்கு மேல் அளவு 160ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தது. கீழ் அளவு 110ஐத் தொட்டவர்கள் மூவர் மட்டுமே. மருத்துவர்கள் அதுவரை அஞ்சி வந்தது கீழ் அளவை. எந்த எண்ணைப் பார்ப்பது என்பதிலேயே பெண்கள் தவறிப்போயிருக்கிறார்கள்.

பெரியம்மாவின் கதை மதுரையில் இருந்தது. மதுரை நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளையின் சிரைகளிலோ தமனிகளிலோ இரத்தம் உறைந்துபோன 135 பெண்களைப் பற்றியது அது. அதைப் படித்த அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் விழுதல் என்று எங்கள் வீட்டில் ஜன்னி என்று பேசப்பட்டதெல்லாம் அங்கே வேறு சொற்களில் இருந்தது. பெரியம்மாவை யாரும் பரிசோதித்ததில்லை. அவளுக்கு நேர்ந்தது இதுதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் அந்த நாட்களின் வரிசையை நான் எந்த மருத்துவரிடம் சொன்னாலும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். அந்த 135 பேரில் அவள் இல்லை. பஸ் ஏற்றப்பட்டவர்கள்தான் கணக்கில் இருக்கிறார்கள்.

இது எப்படி வருகிறது? பிரசவத்தில் இரத்தம் கொட்டிச் சாகாமலிருக்க, கர்ப்பத்தின்போதே பெண்ணின் இரத்தம் எளிதில் உறையும்படி மாறிக்கொள்கிறது. காக்க வந்த அந்த மாற்றமே சிலருக்கு எமனாகிறது. மூளையிலிருந்து இரத்தத்தை வடித்துக்கொண்டு போகும் சிரைகளில் உறைவு விழுந்தால் வடிகால் அடைபடுகிறது. தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது, திசு வீங்குகிறது, சில நேரம் இரத்தம் கசிகிறது. இரத்தசோகையும் தொற்றும் உடம்பின் நீர் வற்றுவதும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இரத்தசோகை பழங்கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினருக்கு அது இருந்தது. நீர் வற்றுவதற்கோ நம் வீடுகளில் ஒரு வழக்கமே இருந்தது. பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இந்த வழக்கத்தைச் சந்தேகத்துக்குரிய காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள்.

சிகிச்சை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1991இல் ஜெர்மனியில் இருபதே பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு, இத்தகைய சிரை உறைவுக்கு ஹெப்பாரின் பலன் தருவதைக் காட்டியது. 1995இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள், பிரசவத்துக்குப் பின் இந்நோய் கண்ட பெண்களிடமே அதைச் சோதித்தார்கள். 2004இல் வெளியான 21 நாடுகளின் ஆய்வில், சிரை உறைவு வந்த 624 பேரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் முழுமையாகவோ சிறு குறையோடோ மீண்டிருந்தார்கள். ஐந்தில் நால்வர் என்ற இடத்தில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். 1976இல் இவ்வளவும் கிடைத்திருக்காது என்பது தெரியும். ஆனாலும் அந்த நால்வரில் ஒருத்தியாகப் பெரியம்மா பேசிக்கொண்டு, பெரியப்பாவைத் திட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் புல் அறுப்பதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மருத்துவ அறிவு பெண்ணுடலைத் தாமதமாகத்தான் கேட்டது. அந்தத் தாமதம் தற்செயலாக நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1977இல், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று நெறிமுறை வகுத்தது. தாலிடமைடு கொடுமைக்குப் பிறகு வந்த அச்சம் அது. 1993இல்தான் அதை மாற்றினார்கள். பக்கவாதம் வந்த மூன்று மணி நேரத்துக்குள் உறைவைக் கரைக்கும் மருந்து பலன் தரும் என்று நிறுவிய 1995ஆம் ஆண்டு ஆய்வில் கர்ப்பிணிகள் இல்லை. கருவைக் காப்பதற்காகவே விலக்கினோம் என்கிறார்கள். விளைவு என்னவென்றால், ஒரு கர்ப்பிணிக்குக் கை விழும்போது அவள் எதிரில் நிற்கும் மருத்துவருக்கு உறுதியான சான்று கையில் இல்லை.

எண்ணுவதிலும் இதே கதைதான். தாய்மரணம் என்றால் கர்ப்பத்திலோ, அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ நேரும் சாவு என்பது உலக அளவிலான வரையறை. 1990களிலிருந்து தாய்மரணங்களை விசாரித்து எழுதும் முறையைத் தமிழ்நாடு வளர்த்தெடுத்தது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். இது பெருமைக்குரிய எண். கிராமச் செவிலியர்கள் வெயிலில் நடந்து நடந்து இறக்கிய எண். ஆனால் அந்த எண்ணுக்குள் பெரியம்மாவுக்கு இடமில்லை. அவள் சாகவில்லை. 2009 வரை, முப்பத்துமூன்று ஆண்டுகள், ஒரு கையோடும் நாலைந்து சொற்களோடும் இருந்தாள். புள்ளிவிவரத்தின் கண்ணில் அவள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றவள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வு கலிபோர்னியாவில் பிரசவமான சுமார் 16.9 லட்சம் பெண்களின் பதிவுகளைப் பார்த்தது. இரத்தம் உறையும் ஆபத்து முதல் ஆறு வாரம் மிகக் கூடுதலாகவும், குறைந்த அளவில் பன்னிரண்டாம் வாரம் வரையிலும் நீடித்தது. நம் வீடுகளில் நாற்பது நாளில் தீட்டுக் கழிந்து, தலைக்கு ஊற்றி, பெண் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறாள். அன்றிலிருந்து எல்லோரும் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள். அவள் தலைவலி என்றால் தூக்கமில்லாததால் வந்தது. கண் மங்கினால் சத்தில்லாததால் வந்தது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, விடாத வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கை மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் அதே நேரம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் பிரசவமாகி எத்தனை நாள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வரியை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

2007இல் நான் பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருந்தேன். பகலில் அத்தைகளும் பாட்டிகளும் சூழ்ந்திருப்பார்கள். அரை டம்ளர் ஓமத் தண்ணீர்தான். எல்லோரும் உறங்கிய பின் அம்மா ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வருவாள். "குடி" என்பாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மதுரைக் கட்டுரையைப் படித்த பிறகுதான் கேட்டேன். அம்மாவுக்கு 1976இல் பதினாறு வயது. அக்காவுக்குத் துணையாகப் பிரசவ அறைக்குள் படுத்திருந்தவள் அவள். "கேட்டா. ராத்திரியெல்லாம் தண்ணி குடு, தண்ணி குடுன்னு கேட்டா. குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருந்தாக. நான் குடுக்கல" என்றாள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

நான் படித்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். உறைவு தண்ணீரால் மட்டும் வருவதில்லை, இரத்தமே மாறியிருக்கிறது, சோகை இருந்திருக்கலாம், தொற்று இருந்திருக்கலாம், தலைவலி வந்த அன்றே மதுரைக்குப் போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப என்னால இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா" என்றேன். ஆராய்ச்சியாளராகப் பேசியிருந்தால் 'உன்னால் மட்டும் இல்லை' என்று சொல்லியிருப்பேன். ஆனால் பதினாறு வயதுப் பெண்ணின் கையில் அந்தச் செம்பைக் கொடுத்துக் காவலுக்கு வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவள் அந்தச் சுமையை இறக்கிவைக்க எந்தச் சாலையோரத்திலும் கல் இல்லை.