படுக்கையில் இருப்பவரின் சொல்

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் காலத்தில், 1068ஆம் ஆண்டளவில், திருமுக்கூடல் கோயிலில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. அது 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர். இவர்களுக்கு நெல் அளந்த கணக்கும் உண்டு. வேதப் பள்ளி மாணவரும் கோயிற் பணியாளரும் அங்கே மருத்துவம் பெற்றனர். சேரியிலிருந்து எவரேனும் அப்படுக்கையில் கிடந்ததாகச் செய்தி இல்லை. கிடந்தவர் சம்மதம் கேட்கப்பட்டதாகவும் இல்லை. அதை அக்காலத்திடம் எதிர்பார்ப்பது முறையுமன்று.

ஆனால் அண்மைக் காலத்தை அவ்வாறு மன்னிக்க நம்மால் இயலவில்லை. அச்சத்தாலோ தவறான எண்ணத்தாலோ தரும் சம்மதம் சம்மதமாகாது என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே கூறிற்று. அச்சட்டம் இருக்கும்போதுதான், நெருக்கடி நிலையின்போது 1976-77இல் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வடமாநிலங்களில் வற்புறுத்தல் கடுமையாயிருந்தது. அதற்கு ஆளானோரில் ஏழையரும் நம்மவரும் மிகுதி.

உச்சநீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவான எல்லை வகுத்தது. சோதனைக்கென மயக்கமருந்து பெற்ற பெண்ணின் கருப்பை, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் பெற்று அகற்றப்பட்டிருந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த பெண்ணுக்காகத் தாய்கூடச் சம்மதிக்க இயலாது. சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்கு ஆகாது என்பது தீர்ப்பு. தாய்க்கே இல்லாத உரிமை கணவனுக்கோ மாமியாருக்கோ ஊர்ப் பெரியவருக்கோ ஏது?

செவிலியராகும் நம் பெண்மக்கள் இதை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அறுவையின் தன்மையையும் தீங்கையும் விளக்கும் பொறுப்பு மருத்துவருடையது. அவருக்குப் பதிலாகச் செவிலியர் விளக்கிக் கையொப்பம் வாங்குவது தம் எல்லையைத் தாண்டுவதாகும். விளக்கமே நடவாதபோது சாட்சிக் கையெழுத்து இடுவதோ அதனினும் தவறு. எழுத்தறியாத நம் பாட்டிமார் எத்தனை தாள்களில் பெருவிரல் பதித்தனரோ! அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொன்னவர் சிலரே.

தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் அந்நீதிமன்றம் கருத்தடை அறுவைக்கு ஒரு நெறி விதித்தது. விவரங்களை நோயாளரின் மொழியில் விளக்க வேண்டும். அதன்பின் மனம் மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கட்டிலருகே நிற்பவர் பெரும்பாலும் செவிலியரே. அவள் மெல்லிய குரலில் "வேண்டாம்" என்றால், அதைக் குறிப்பேட்டில் எழுதி, உடனே மருத்துவருக்குத் தெரிவிப்பது அவர் பணி.